விழாவுக்கு முன் யாரும் விளையாடக் கூடாது

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு காரியத்தைக் கெடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. பொன்னாடை போர்த்தி, நன்றியுரை சொல்லி, மரியாதையாகக் கெடுக்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. பலெர்மோ தமிழர் பண்பாட்டு மேம்பாட்டு ஒன்றியம் என்று பெயர். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்துக் கோயில் மண்டபத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். கூடினால் இலேசில் கலையாது.

இது தர்மிளாவுக்குத் தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்து தலைமையுரைக்கும் சிறப்புரைக்கும் இடையில் அந்த மண்டபக் கதிரைகளில் நித்திரை கொண்டு வளர்ந்த பிள்ளை. அவளே போய் மாட்டிக்கொண்டாள் என்றால் அதில் பாதிக் குற்றம் அவளுடைய அம்மாவுக்குச் சேர வேண்டும்.

நடந்தது இதுதான். கணினி விளையாட்டு வடிவமைப்புப் படிக்கும் தர்மிளாவும், கூடப் படிக்கும் ஜெனோஜனும் ஒரு கேம் ஜாமில் சேர்ந்தார்கள். கேம் ஜாம் என்றால், கொடுத்த தலைப்பில் ஒரு சனி ஞாயிறுக்குள் ஒரு விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். சாப்பாடு, குளிப்பு எல்லாம் அவரவர் கெட்டித்தனம். தலைப்பு ‘போதாமை’ என்று வந்தது. இருவரும் ‘தொட்டி’ என்ற விளையாட்டைச் செய்தார்கள். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று, கூரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தெருக்குழாயில் தண்ணீர். எந்த வீட்டுக்கு எப்போது எவ்வளவு திறந்துவிடுவது என்பதை விளையாடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் மாடியில் உடுப்புத் தோய்த்தால் மூன்றாம் மாடியில் குழந்தைக்குக் குளிப்பில்லை. பலெர்மோவில் வீடு வாடகைக்கு எடுத்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போட்டியில் ஒரு விதி இருந்தது. ஏற்றிய பிறகு ஒரு வாரத்துக்குள், குறைந்தது பத்துப் பேராவது விளையாடிப் பார்த்து, எங்கே பிடித்தது, எங்கே எரிச்சல் வந்தது என்று தங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பத்துப் பேர் எழுதாத விளையாட்டை நடுவர்கள் திறந்தும் பார்க்க மாட்டார்கள். முதலாவதாக வருகிறவர்களுக்குக் கத்தானியா நகரில் ஒரு கேம் ஸ்டூடியோவில் சம்பளத்தோடு ஆறு மாத வேலை.

தர்மிளாவுக்கு அந்த வேலை வேண்டும். அம்மா பவளராணி லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில் வேலை செய்கிறார். அந்தச் சிஞ்ஞோராவின் தங்கைக்கும் வீட்டோடு ஓர் ஆள் தேவையாம், தர்மிளா நல்ல பிள்ளையாம், வருகிற மாதம் தொடங்கலாமாம். கத்தானியா கிடைத்தால் மறுக்க ஒரு காரணம் இருக்கும். கிடைக்காவிட்டால் அந்த வீட்டு இஸ்திரிப் பெட்டி தயாராக இருந்தது.

புதன்கிழமைக்குள் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் இசை தலைவலி என்றார். இன்னொருவர் எந்தப் பொத்தானை அமத்துவதென்றே தெரியவில்லை என்றார். மூன்றாமவர் ‘பரவாயில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். தர்மிளா அந்த மூன்றையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். பொத்தான் விஷயம் உண்மைதான் என்று கண்டபோது அவளுக்கு வெட்கமாகவும் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. இன்னும் ஏழு பேர். அது என்ன பெரிய காரியம்? மச்சான் றஞ்சித் இருக்கிறான், கோயில் பாட்டுக் குழுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லோரும் போனுக்குள்தான் குடியிருக்கிறார்கள்.

“அம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களிட்டையும் ஒருக்காச் சொல்லுங்கோவன்,” என்றாள். அங்கேதான் பிழை நடந்தது.

அம்மா ஒன்றியத் தலைவரிடம் சொல்லிவிட்டார்.

தலைவர் அந்தோனிமுத்து, தற்காலிகத் தலைவராகத் தெரிவாகி, பல வருடங்களாகத் தற்காலிகமாகவே இருப்பவர். செயலாளர் விக்னராஜாவையும் கூட்டிக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, இது உன்ர தனிப்பட்ட விசயமில்லை. இது சமூகத்தின்ர விசயம்.”

“அங்கிள், இன்னும் ஏழு பேர் விளையாடி எழுதினாக் காணும்.”

“ஏழு பேரோ? நூறு பேரைக் கொண்டு வருவம். ஆனா எல்லாம் ஒழுங்கு முறையா நடக்கவேணும். முதல்ல ஒரு திறப்பு விழா.”

“அது திறந்தாச்சு, அங்கிள். லிங்க் இருக்கு. இப்பவே விளையாடலாம்.”

தலைவரின் முகம் சுருங்கிற்று. “ஆர் திறந்தது?”

“நான்தான்.”

“நீ திறந்தா அது திறந்ததெண்டு ஆகுமோ?” என்று கேட்டுவிட்டு அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மெல்லத் தலையாட்டினார். பவளராணியும் ஆட்டினார். பெரியவர்கள் வீடு தேடி வந்திருக்கிறார்கள், வேறு எதை ஆட்டுவது?

அன்றே ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் வந்தது. ‘எதிர்வரும் ஞாயிறு பிற்பகல் கோலாகலமாக நடைபெறவுள்ள திறப்பு விழாவுக்கு முன்னதாக மேற்படி விளையாட்டை எவரும் விளையாடுவதைத் தவிர்த்து, விழாவின் புனிதத்தைப் பேணுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக விழுந்தன. போட்டி முடிவதும் அதே ஞாயிறு மாலை ஆறு மணிக்குத்தான்.

தர்மிளா றஞ்சித்துக்குப் போன் அடித்தாள்.

“நேற்றுத் திறந்தனான் மச்சாள், நல்லாத்தான் கிடந்தது,” என்றான் அவன். “பிறகு குறூப்பில போட்டினம். மூடிப்போட்டன்.”

“ஏன்ரா மூடினனீ? ஆர் பாக்கப் போகினம்?”

“அந்தோனிமுத்து அங்கிள்தானே என்ர பெர்மெஸ்ஸோ விசா அலுவலுக்குக் குவெஸ்தூராப் பொலிசுக்கு வந்து கதைச்சவர். அடுத்த வரியம் திரும்பவும் புதுப்பிக்கவேணும். நீ எனக்காக வந்து கதைப்பியோ?”

அவள் அடுத்த ஆளுக்கு அடித்தாள். பாட்டுக் குழுப் பிள்ளைகளும் இதையே வேறு வேறு மாதிரிச் சொன்னார்கள். ஏழு பேருக்குப் போன இடத்தில், தானாக விளையாடியிருக்கக்கூடிய அத்தனை பேரையும் ஒன்றியம் ஒரே அறிவித்தலில் அடைத்துவிட்டது.

வியாழன் மாலை ஆயத்தக் கூட்டம். விழாக் குழுவில் ஊர்ப் பகுதிவாரியாக மன்னாருக்கு ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு ஒருவர், வன்னிக்கு ஒருவர், கிழக்குக்கு ஒருவர், தீவுகளுக்கு ஒருவர் என்று முடிவாயிற்று. தீவுகள் பல என்பதைத் தீவுக்காரர் ஒருவர் எழுந்து சுட்டிக்காட்டினார். அது உண்மைதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு, அந்த உண்மையை இரண்டு மணி நேரம் கதைத்தார்கள். அடுத்ததாகப் பதாகை. அதில் தலைவரின் படம் எவ்வளவு பெரிது, தர்மிளாவின் படம் எவ்வளவு சிறிது என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. தர்மிளா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பற்றரி தானாகக் களைத்து அணைந்த பிறகுதான் விளையாட்டு எதைப் பற்றியது என்று செயலாளருக்குக் கேட்கத் தோன்றியது. அவள் சொன்னாள்.

“தண்ணி ஏன் முடியுது?” என்றார் விக்னராஜா.

“முடிஞ்சாத்தானே அங்கிள் கேம்.”

“முடியாமச் செய்யேலாதோ?”

“அப்ப அதில என்ன விளையாடுறது?”

“சந்தோசமா இருக்கிறது,” என்றார் விக்னராஜா. “எங்கட சனம் காணாத கஷ்டமோ? ஞாயிற்றுக்கிழமையிலையும் தண்ணி இல்லையெண்டு காட்டவேணுமோ?”

யாழ்ப்பாணப் பிரதிநிதி, விளையாடுகிறவர் தோற்பது நம் பிள்ளைகளின் தன்னம்பிக்கையைப் பாதிக்கும் என்றார். கிழக்குப் பிரதிநிதி, தோல்வி இருக்கலாம், ஆனால் அதைத் தோல்வி என்று சொல்லாமல் விடலாம் என்றார். கடைசியில் எல்லாரும் சமரசத்துக்கு வந்து, திரையின் வலது மேல் மூலையில் ஒன்றியத்தின் இலச்சினை இருந்தே ஆக வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

“அந்த மூலையிலதான் தொட்டியில எவ்வளவு தண்ணி கிடக்குதெண்டு காட்டும். மற்றது, ஏத்தின பிறகு எதையும் மாத்த விதியில்லை,” என்றாள் தர்மிளா.

“விதி எண்டா விலக்கு இருக்கும், பிள்ளை. எங்கட ஒன்றிய யாப்பிலையே இருக்கு,” என்றார் தலைவர். “நானே ஒரு விலக்குத்தான்.”

விலக்கு சுலபமாகக் கிடைத்தது. இலச்சினையைத் தாளில் நிறமாக அடித்து, விழாவன்று திரையின் மேலேயே ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது. வீட்டுக்கு வந்ததும் தர்மிளா பையை எறிந்துவிட்டு அம்மாவோடு சண்டைக்குப் போனாள்.

“ஏனம்மா அவையளிட்டைச் சொன்னனீங்கள்? ஏன்?”

“உன்ர படம் போட்டுப் பதாகை அடிக்கினம் பிள்ளை,” என்றார் பவளராணி. “எங்கட வீட்டில ஆருக்கு இதுவரைக்கும் பதாகை அடிச்சவை?” அந்த முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் தர்மிளா எறிந்த பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

ஞாயிறு வந்தது. மண்டபம் நிறைந்தது. மேடை நடுவில் சரிகை விரித்த மேசையில் மடிக்கணினி, அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன், திரை மூலையில் இலச்சினை. பிரதம விருந்தினர் கால்சாப் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பிறின்ஸ். மேடைக்குப் பின்னாலிருந்த சமையலறையில் தலைவரின் மனைவி கிளறா அன்ரி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம் எல்லாம் முறைப்படி முடிய, தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பார்ந்த பெருமக்களே! நான் இந்த விளையாட்டை விளையாடவில்லை. ஆனால் விளையாடாமலேயே இதன் அருமையை உணர்ந்திருக்கிறேன். ஒன்றைச் செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பது சாதாரண ஆட்களுக்கு. தலைமைப் பொறுப்பில் இருப்பவன் எதையும் செய்து பார்ப்பதில்லை!”

கைதட்டல் எழுந்தது. அடுத்தது செயலாளரின் வாழ்த்துரை.

“இந்த ஒன்றியம் தொடங்கிய நாள்முதல் எங்கள்மீது எவரும் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்வதற்கு நாங்கள் ஒரு வழியும் வைத்ததில்லை. அந்த நிர்வாகத் திறமையைத்தான் இளம் தலைமுறை எங்களிடமிருந்து கற்க வேண்டும்!”

இதற்கும் கைதட்டினார்கள். ஓரத்தில் இருந்த ஜெனோஜன் முழங்கையால் தர்மிளாவை இடித்துத் தன் போனைக் காட்டினான். ஐந்து மணி தாண்டிவிட்டது. எழுதியவர்கள் இன்னமும் அதே மூன்று பேர்தான். தர்மிளா எழுந்து மேடைக்குக் கிட்டப் போனாள்.

“அங்கிள், ஆக்களை விளையாட விடுங்கோ. நேரம் போகுது.”

“ஏற்புரை கடைசியிலதான் இருக்கு, பிள்ளை,” என்றார் விக்னராஜா அன்பாக. “பொறுமையா இரு.”

ஒருவழியாக ரிப்பன் வெட்டப்பட்டது. பிறின்ஸ் மேசையில் அமர்ந்து, பெருந்தன்மையோடு எல்லா மாடிகளுக்கும் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார். படம்பிடிக்கிறவர்கள் நெருங்கினார்கள், அவர் சிரித்தார். தொட்டி வற்றிக்கொண்டு போனது. அதைக் காட்டும் இடத்தில் இலச்சினை மின்னிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் திரை இருண்டு இத்தாலிய எழுத்துகள் தோன்றின. நிகழ்ச்சித் தொகுப்பாளர், எதையும் சபைக்கு மொழிபெயர்ப்பது தன் கடமை என்று நினைப்பவர், ஒலிவாங்கியில் உரக்க வாசித்தார்.

“கட்டடத்தில் தண்ணீர் இல்லை. மக்கள் வெளியேறிவிட்டார்கள். உங்கள் நிர்வாகம் முடிவுக்கு வந்தது!”

பின்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டினார். அது யார் என்று பிறகு விசாரிக்கப்பட்டது.

தலைவர் நிலைமையைக் கையில் எடுத்தார். “இது தொழில்நுட்பக் கோளாறு,” என்று அறிவித்தார். “நேரத்தின் அருமை கருதி, எல்லோரும் விளையாடியதாகவே நாம் எடுத்துக்கொள்வோம். இனிப் பின்னூட்டம். ஆளுக்கு ஆள் விதம்விதமாக எழுதினால் ஒற்றுமை கெடும். செயலாளர் ஒரு வாசகத்தைத் தயாரித்து வைத்திருக்கிறார்.”

வாசகம் குழுவுக்கு வந்து விழுந்தது. ‘எங்கள் சமூகத்தின் இளம் சிற்பி செல்வி தர்மிளா இராஜசிங்கம் அவர்களின் அரும்பெரும் படைப்பு வாழ்க! வளர்க! இதற்கு உறுதுணையாக நின்ற தலைவர் அந்தோனிமுத்து அவர்களுக்கும் நன்றி!’ மண்டபம் முழுக்கப் பெருவிரல்கள், மண்டபத்து வைஃபையில், அதை அப்படியே போட்டிப் பக்கத்தில் ஒட்டின. ஒரு காரியத்தை அந்த மண்டபம் அவ்வளவு வேகமாகச் செய்ததைத் தர்மிளா ஒருநாளும் கண்டதில்லை.

“போடாதேங்கோ! தயவுசெய்து போடாதேங்கோ!” என்று அவள் கத்தினாள். அடக்கத்தால் சொல்கிறாள் என்று நினைத்து முன்வரிசைப் பெண்கள் இன்னும் உற்சாகமாகப் போட்டார்கள். பவளராணி கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு தரம் போட்டார்.

ஜெனோஜன் போனை நீட்டினான். போட்டிக்காரரின் செய்தி சுருக்கமாக இருந்தது. ஒரே இணைய இணைப்பிலிருந்து, ஒரே வாசகம், சில நிமிடங்களுக்குள் குவிந்திருக்கிறது. இவர்களில் எவரும் விளையாட்டைத் திறக்கவில்லை. ஆள்வைத்து எழுதிய பின்னூட்டம் என்று கருதி ‘தொட்டி’ போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது.

தர்மிளா அதைத் தமிழில் சொன்னாள்.

“எங்களைக் கேக்காமலோ நீக்கினவங்கள்?” என்றார் தலைவர். “கண்டனத் தீர்மானம் ஒண்டு போடுவம்.”

அப்போதுதான் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு கையில் ரோல்ஸ் தட்டு, மற்றக் கையில் போன், கிளறா அன்ரி நேரே தர்மிளாவிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“எடியே தர்மிளா, என்ன விசர்க் கேமடி செய்து வைச்சிருக்கிறாய்? வியாழக்கிழமையில இருந்து எனக்கு ஒரு வேலை ஓடேல்லை. எண்ணெய்ச் சட்டி ரெண்டு தரம் கருகிப் போச்சு!”

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வியாழக்கிழமையா? விழாவுக்கு முன்னமா?

“எனக்குப் பிடிக்கவே இல்லை,” என்றார் கிளறா அன்ரி உரக்க. “சொல்லிப்போட்டன். சரியான கோவம் வருது எனக்கு உன்னில.”

“கிளறா!” என்று தலைவர் மேடையிலிருந்து பதறினார். பிறகு, தான் தலைவர் என்பது நினைவுக்கு வந்து, ஒலிவாங்கியைச் சரிசெய்தார். “பெருமக்களே, ஒன்றியத்தின் அறிவித்தலை மீறியும், இளம் படைப்பாளியின் மனத்தைப் புண்படுத்தியும் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். அவர் என் மனைவி என்பதற்காக நான் நடுநிலை தவற மாட்டேன். அவரைக் கண்டித்து ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன்.” விக்னராஜா வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. இந்த ஒன்றியத்தின் சரித்திரத்தில், உண்மையாக விளையாடிய ஒரே ஆள் இப்படித்தான் ஏகமனதாகக் கண்டிக்கப்பட்டார்.

தர்மிளாவுக்கு மேடை கண்ணில் படவில்லை. கிளறா அன்ரியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“எந்த நாள் அன்ரி? எந்த இடத்தில கோவம் வந்தது? சொல்லுங்கோ, முழுக்கச் சொல்லுங்கோ.”

“நாலாம் நாள். தண்ணி காணாது. கைக்குழந்தை வீட்டை மறிக்கேலாது, என்ன? அதால அஞ்சாம் மாடியில தனிய இருக்கிற அந்தக் கிழட்டு மனிசன்ர குழாயைப் பூட்டினன். அந்தாள் ஒரு பேச்சுப் பேசேல்லையடி. ஏசினாலும் மனம் ஆறியிருக்கும். ஒரு வாளியைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியில வைச்சிட்டு உள்ள போட்டுது.” கிளறா அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “அதுக்கு நீ எனக்கு மூண்டு நட்சத்திரம் போடுறாய். தண்ணி மிச்சம் பிடிச்சனெண்டு, மேளம் வேற அடிக்கிறாய். எனக்கு எவ்வளவு வெக்கமாப் போச்சுத் தெரியுமே?”

தர்மிளா வாயைப் பொத்திக்கொண்டாள். நட்சத்திரம் அவளுடைய யோசனை. மிச்சம் பிடிக்கிறவருக்குப் பரிசு என்று எல்லா விளையாட்டிலும் இருக்கிறதே என்று பார்த்துப் போட்டது. வாளியை ஜெனோஜன் சும்மா வரைந்தான். இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் வந்தால் ஒரு மனுசிக்கு எப்படி இருக்கும் என்று இருவரும் யோசிக்கவில்லை. முழுப் பிழை, அப்பட்டமான பிழை. இதைச் சொல்ல ஒரு ஆள் வியாழக்கிழமையிலிருந்து இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கத்தானியா போய்விட்டது, அது ஒரு பக்கம். இவ்வளவு நல்லதாகத் தன்னை யாரும் ஒருநாளும் ஏசியதில்லை என்பது மற்றப் பக்கம்.

“ஏன் அன்ரி இதை எழுதேல்லை?”

“எழுதுறதோ? ஒண்டும் செய்யப்படாதெண்டு வீட்டில தலைவர் போன் பறிக்காத குறை. குசினிக்குள்ள ஒளிச்செல்லோ விளையாடினனான்.”

மண்டபத்தில், விளையாட்டு நீக்கப்பட்டதற்கான காரணத்தை ஆராய ஐவர் கொண்ட குழு அமைக்கப்படுவதாகத் தலைவர் அறிவித்துக்கொண்டிருந்தார். தீவுக்காரர் ஏதோ ஆட்சேபிக்க எழுந்தார்.

“நீக்கிப்போட்டாங்கள் எண்டா,” கிளறா அன்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டார், “என்ர போனிலையும் இல்லாமப் போடுமோ?”

“இல்லை அன்ரி. போட்டியிலதான் இல்லை. விளையாட்டு அப்பிடியே கிடக்கும், இனி மாத்தவும் ஏலும்.”

“அப்ப ஏன் நிண்டு அழுறாய்? உந்த நட்சத்திரத்தையும் மேளத்தையும் கழட்டு, கெதியா. அந்தாளின்ர வாளி இன்னும் கதவுக்கு வெளியில கிடக்குது.”